ஐந்து வருடமாக வீடியோ அழைப்பில் தாயம்: எங்களுக்கு எது ஒத்துவந்தது

கும்பகோணத்தில் அம்மா, டொரண்டோவில் அக்கா, துபாயில் தம்பி, கோயம்புத்தூரில் நான். 2020 ஊரடங்கில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்மா கூடத்துத் தரையில் சாக்பீஸால் தாயக்கட்டம் வரைந்து, போனை அதன்மேல் பிடித்துக் காட்டினார். "உங்க காயையும் நானே நகர்த்துறேன், ஆளாளுக்குக் கட்டையை உருட்டுங்க" என்றார். அக்காவும் நானும் அன்றே ஆடினோம். தம்பியால் சேர முடியவில்லை. அமீரகத்தில் வாட்ஸ்ஆப்பில் செய்தி போகும், அழைப்பு எடுக்காது. ஃபேஸ்டைமும் அப்படித்தான். தம்பி இல்லாமல் ஆடிய அந்த ஒரு ஆட்டம் அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை. மறுநாளே, மூன்று நாட்டிலும் எடுக்கிற, காசு கேட்காத செயலி எது என்று தேட ஆரம்பித்தேன்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது யார் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதைத்தான். வீட்டில் யாராவது வளைகுடாவில் இருந்தால், வாட்ஸ்ஆப்பை நம்பித் திட்டம் போடாதீர்கள். எங்களுக்கு ஜூமும் கூகுள் மீட்டும் எல்லா இடத்திலும் எடுத்தன. இந்த ஐந்து வருடமும் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் பயன்படுத்துகிறோம்.

இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடம் தரும். 2022 ஜூலைக்கு முன் இரண்டு பேர் மட்டும் பேசினால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. இப்போது அதற்கும் 40 நிமிடம்தான். மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். இருவர் மட்டும் என்றால் 24 மணி நேரம் வரை போகும், அதாவது கவலையே இல்லை. தாயம் 40 நிமிடத்தில் முடிகிற ஆட்டம் இல்லை. தாயம் விழாமல் காயே இறங்காமல் பத்து நிமிடம் ஓடிவிடும். அதனால் தாயத்துக்குப் பெரும்பாலும் மீட்; தம்போலா, பாட்டுக்குப் பாட்டு மாதிரிச் சின்ன ஆட்டங்களுக்கு ஜூம் என்று பிரித்துக்கொண்டோம். மீட்டில் 55ஆவது நிமிடம் ஒரு அறிவிப்பு வரும். அப்போது கட்டத்தை ஒரு போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவேன். அழைப்பு முடிந்தாலும் எந்தக் காய் எங்கே நின்றது என்று சண்டை வராது. அடுத்த அழைப்பை அங்கிருந்தே தொடரலாம்.

கட்டத்தை எல்லோருக்கும் தெளிவாகக் காட்டுவதுதான் எங்களுக்கு அதிக நாள் பிடித்த வேலை. போனைக் கையில் பிடித்தால் அம்மாவுக்குக் கை வலிக்கும், பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். டப்பாமேல் சாய்த்து வைத்தால் கட்டம் கோணலாகத் தெரியும், தூரத்துக் கட்டத்தில் இருப்பது மூன்றாவது காயா நாலாவதா என்று புரியாது. கடைசியில் வழி அம்மா வீட்டிலேயே கிடைத்தது. பிளாஸ்டிக் ஸ்டூலின் நடுவில், கைவிட்டுத் தூக்க ஒரு ஓட்டை இருக்கும் இல்லையா? ஸ்டூலைக் கட்டத்தின்மேல் நிறுத்தி, போனைத் திரை மேலே இருக்கும்படி படுக்கவைத்து, பின்பக்கக் கேமரா அந்த ஓட்டைக்கு நேராக வரும்படி நகர்த்தினால் போதும். கட்டம் முழுதும் நேர் மேலிருந்து தெரியும். ஸ்டூலுக்கு அடியில் நிழல் விழுவதால் பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கு வேண்டும். நேராக அடித்தால் பித்தளைக் கட்டை பளபளத்துப் புள்ளி தெரியாது. விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தால் சரியாகிவிடும். சாக்பீஸ் கட்டத்தைவிட ஒரு முழ அகலத் துணியில் வரைந்த கட்டம் கேமராவுக்குள் அழகாக அடங்கும். காய்களுக்குச் சோழி, புளியங்கொட்டை, பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு, தம்பிக்கு மட்டும் சட்டைப் பொத்தான். நிறம் எவ்வளவு வித்தியாசமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

இதற்கு அம்மா வீட்டில் இரண்டு போன் வேண்டும், கட்டத்துக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று. அப்பாவின் பழைய போனில் சிம் கிடையாது. மீட்டுக்கும் ஜூமுக்கும் வைஃபையும் அழைப்பின் இணைப்பும் (லிங்க்) போதும், அதனால் அது கட்டத்துப் போன் ஆகிவிட்டது. ஒரே அறையில் இரண்டு போனும் ஒலி எழுப்பினால் ஊளைச் சத்தம் கிளம்பும். கட்டத்துப் போனில் மைக்கை அணைத்து, ஸ்பீக்கர் ஒலியையும் சுத்தமாகக் குறைத்துவிட வேண்டும். ஜூமில் அழைப்பை நடத்துபவர் ஒரு வீடியோவை எல்லோருக்கும் பெரிதாகத் தெரியவைக்கலாம். நான் கட்டத்தைப் பெரிதாக்கிவிட்டால் அம்மா எதையும் தொட வேண்டாம். மீட்டில் அவரவர் திரையில் அவரவரே கட்டத்தைப் 'பின்' (pin) செய்து பெரிதாக்கிக்கொள்கிறோம்.

அடுத்து ஒலி. பல செயலிகள் மனிதக் குரல் தவிர மற்ற சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடும். மின்விசிறிச் சத்தத்துக்கு அது நல்லதுதான். ஆனால் தாயக்கட்டை தரையில் உருளுகிற அந்தக் 'கலகல' சத்தமும் சேர்ந்து போய்விடும். எங்களுக்கு அது பெரிய குறையாக இருந்தது. கட்டை உருளும் சத்தம் கேட்டால்தானே நெஞ்சு படபடக்கும்! ஜூமைக் கணினியில் திறந்து ஒலி அமைப்புக்குள் போனால் இரைச்சல் வடிகட்டலைக் குறைக்கலாம். கும்பகோணத்தில் இருந்த அன்று அம்மாவின் மடிக்கணினியில் அதைச் செய்துகொடுத்தேன். அடுத்த வாரம் அக்கா, "அம்மா உருட்டுறது காதுல விழுதுடி" என்று சொன்னபோது அவள் குரல் கொஞ்சம் உடைந்தது.

பாட்டுக்குப் பாட்டில் வேறு சிக்கல். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பாடினால் ஒரு குரல்தான் வெளியே வரும், தாளமும் சேராது. எந்தச் செயலியானாலும் ஒலி போய்வரக் கொஞ்சம் நேரம் ஆகும். அதனால் ஒருவர் முடித்துக் கையை உயர்த்திய பிறகுதான் அடுத்தவர் தொடங்குவது என்று வைத்துக்கொண்டோம். தம்போலாவுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மூன்று வரிசை, பதினைந்து எண், சீட்டை அவரவர் நோட்டில் எழுதி, தொடங்குவதற்கு முன் குழுவில் போட்டோ போட்டுவிட வேண்டும். முன்பக்கக் கேமராவில் தன் சீட்டு கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரிகிறதே என்று அம்மா பதறினார். அது அவர் திரையில் மட்டும்தான், மற்றவர்களுக்கு நேராகத்தான் தெரியும். பெரியவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்காக, பிரவுசரில் ஆடுகிற ஸ்கிரிப்ள் (skribbl.io) விளையாட்டையும் சேர்த்தோம். ஒருவர் படம் வரைய, மற்றவர்கள் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் நம் சொற்களை நாமே கொடுக்கலாம். அம்மி, முறம், உறி, அரிவாள்மனை என்று அம்மா ஒரு பட்டியல் சொன்னார். அக்கா மகன் முறத்தைப் பார்த்ததே இல்லை. "அம்மாச்சி, இது என்ன செய்யும்?" என்று கேட்டான். அம்மா அடுப்படியிலிருந்து முறத்தை எடுத்துவந்து, ஒரு பிடி அரிசியைப் புடைத்துக் காட்டினார். அன்றைக்கு மீதி ஆட்டம் நடக்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தம்பி விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கும்போது வாட்ஸ்ஆப்பே போதும். நேரக் கட்டுப்பாடு இல்லை, இப்போது 32 பேர் வரை சேரலாம், 2023 முதல் திரையையும் பகிரலாம், அம்மாவுக்குக் கை பழகியது. ஜிட்சி என்ற இலவச வீடியோ அழைப்புச் செயலியையும் கொஞ்ச நாள் பார்த்தோம். பிரவுசரிலேயே திறக்கும், 40 நிமிடக் கட்டுப்பாடும் கிடையாது. ஆனால் அவர்களுடைய பொதுத் தளத்தில் 2023 ஆகஸ்டிலிருந்து அழைப்பைத் தொடங்குபவர் கணக்கில் உள்நுழைய வேண்டும். ஸ்கைப்பில்தான் அக்கா கனடா போன புதிதில் பேசிக்கொண்டிருந்தோம். அது 2025 மே மாதம் மூடப்பட்டது. அதனால் கை பழகிய செயலி ஒன்று இருந்தாலும், மாற்றுக்கு இன்னொன்றை எல்லோர் போனிலும் போட்டு வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்காக ஒன்று மட்டும் மாற்றாமல் வைத்திருக்கிறேன். இணைப்பு எப்போதும் குடும்பக் குழுவில் ஒரே இடத்தில், மேலே பின் செய்யப்பட்டு இருக்கும். அம்மா அதை ஒரு தடவை தொட்டால் உள்ளே வந்துவிட வேண்டும். கடவுச்சொல் கேட்கிற எதையும், எவ்வளவு நல்லது என்று சொன்னாலும், நான் எடுப்பதில்லை.

நாள் குறிப்பதும் லேசாக இல்லை. முதல் இரண்டு வருடம் சனிக்கிழமைதான் ஆடினோம், ஏனென்றால் தம்பிக்கு ஞாயிறு வேலை நாள். 2022 ஜனவரியில் அமீரகம் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றிய பிறகு நாங்களும் ஞாயிறுக்கு வந்தோம். நமக்கு மாலை 6.30 என்றால் தம்பிக்கு 5 மணி, அக்காவுக்குக் கோடையில் காலை 9, குளிர்காலத்தில் 8. நவம்பர் முதல் ஞாயிறு கனடாவில் கடிகாரம் மாறும். ஒரு வருடம் அதை மறந்து, அக்கா வருவதற்குள் அம்மா ஒரு மணி நேரம் கட்டத்தின் முன் உட்கார்ந்திருந்தார். இப்போது புது காலண்டர் வந்ததும் மார்ச்சிலும் நவம்பரிலும் அந்த ஞாயிறுகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் 'பெரியவ மணி' என்று எழுதிவிடுகிறார்.