வேலை போன வருஷம், கையில் வந்த ரொக்கம்: வருமான வரி ரிட்டர்னுக்கு ஐடிஆர்-1ஆ, ஐடிஆர்-4ஆ, சும்மா விடுவதா?

நண்பருக்கு ஆகஸ்டோடு வேலை போயிற்று. மாசம் 1,20,000 வீதம் ஐந்து மாதச் சம்பளம் வாங்கியிருந்தார். அப்புறம் தெரிந்தவர்களின் லேப்டாப்பைப் பழுது பார்த்து மார்ச் வரை ரொக்கமாக 1,40,000. "12 லட்சம் வரைக்கும் வரியே கிடையாது, எதுக்கு ரிட்டர்ன்?" என்றார்.

இந்தக் கேள்விதான் பலரையும் கவிழ்க்கிறது. 12 லட்சம் என்பது வரித் தள்ளுபடிக்கான வரம்பு. 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே, கட்ட வேண்டிய வரி பூஜ்யமானாலும் தாக்கல் கட்டாயம்.

அதைவிடப் பெரிய விஷயம் டிடிஎஸ், அதாவது சம்பளத்திலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வரி. வருஷம் முழுக்க அதே சம்பளம் வரும் என்ற கணக்கில் கம்பெனி மாதம் சுமார் 7,300 பிடித்திருக்கும். ஐந்து மாதத்துக்கு 36,000க்கு மேல். ரிட்டர்ன் போடாவிட்டால் அந்தப் பணத்துக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். ஆக, சும்மா விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மிச்சம் இரண்டு ரிட்டர்ன் படிவம். ஐடிஆர்-1 சுலபம், சம்பளம், டிடிஎஸ் எல்லாம் பெரும்பாலும் அதுவே நிரப்பி வைத்திருக்கும். அந்த 1,40,000ஐ 'இதர வருமானம்' என்று போட்டுவிட்டால் பத்து நிமிஷ வேலை. எப்போதோ ஒரு தடவை வந்த காசு என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் மாதாமாதம் வேலை எடுத்துச் செய்தால் அது தொழில். தொழில் வருமானத்துக்கு ஐடிஆர்-1 கிடையாது. பேட்டரி, ஸ்கிரீன் வாங்கிய செலவையும் அதில் கழிக்க முடியாது.

ஐடிஆர்-4 இதற்கென்றே இருப்பது. ரொக்க வரவில் 8 சதவீதம், யூபிஐ, வங்கி வழி வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம். ஆனால் அது குறைந்தபட்சம்தான். நண்பருக்கு உதிரிபாகச் செலவு போகப் பாதி மிஞ்சியது; 11,200 காட்டுவதைவிட 70,000 காட்டுவதே நேர்மை. சம்பளம் 6,00,000உம் இந்த 70,000உம் சேர்த்து, சம்பளக்காரருக்கு உண்டான நிலைக்கழிவு 75,000 போக மொத்தம் 5,95,000. வரி அப்போதும் பூஜ்யம்தான், நாளைக்கு வங்கியில் கடன் கேட்கவும் இது கைகொடுக்கும்.

படிவத்தில் சற்று இழுப்பது ஒரே ஓர் இடம்: மார்ச் 31 அன்று கையிருப்பு ரொக்கம், சரக்கு, வரவேண்டிய பாக்கி, தரவேண்டிய பாக்கி என்று நாலு கட்டம். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வந்தவருக்கு ஐந்து நிமிஷம். எழுதாதவருக்கு ஒரு ராத்திரி.

இதிலும் வில்லங்கம் உண்டு. இந்தமுறை 8 சதவீத வழியில் போய்விட்டு, அடுத்த 5 ஆண்டுக்குள் அதற்குக் கீழே லாபம் காட்டினால், அதன்பின் 5 ஆண்டு அந்த வழி அடைபடும். பழைய வரி முறை வேண்டுமானால் 10-ஐஇஏ என்று தனிப் படிவம் வேறு. கமிஷன் வருமானத்துக்கு இந்த 8 சதவீதச் சலுகையே இல்லை.

நண்பருக்கு ஐடிஆர்-4தான் என்றேன். கெடு தாண்டினால் 5,000 தாமதக் கட்டணம். திரும்பி வரும் அந்த 36,000இல்தான் அதுவும் கழியும்.