அபராதமா, சந்தை விசாரணையா? தென்னாப்பிரிக்கப் போட்டிச் சட்டத்தின் இரண்டு வழிகள்

டர்பனில் ரொட்டி விலை ஏறினால் பன்னி சௌ விலையும் ஏறும். கால் ரொட்டியின் நடுவைத் தோண்டி, சுடச்சுட பீன்ஸ் கறியை ஊற்றித் தரும் சாப்பாட்டில் பாதி ரொட்டிதானே. அதனால் 2006 டிசம்பரில் வெளிவந்த ரொட்டி கார்ட்டெல் விவகாரம், அதாவது பேக்கரிகள் கூடிப் பேசி விலை வைத்த விவகாரம், எங்களையும் சுட்டது.

மேற்கு கேப் மாகாணத்தின் சின்ன வியாபாரிகள்தான் முதலில் கவனித்தார்கள்: பெரிய பேக்கரிகள் ஒரே சமயத்தில் விலையை ஏற்றி, அவர்களுக்குத் தரும் தள்ளுபடியையும் குறைத்தன. புகார் போனது. அந்தப் பேக்கரிகளில் பிரீமியர் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்திலிருந்து தப்பியது. டைகர் பிராண்ட்ஸ் சுமார் 99 மில்லியன் ராண்டு கட்டியது. 2010இல் பயனீர் ஃபுட்ஸுக்குச் சுமார் 196 மில்லியன் விதித்தார்கள்.

முன்பிருந்த 1979ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் போட்டி வாரியம் அமைச்சருக்குப் பரிந்துரைக்கும், அவ்வளவுதான். விசாரிக்க ஆணையம், தீர்ப்புக்குத் தீர்ப்பாயம், மேல்முறையீட்டுக்குத் தனி நீதிமன்றம் என்று பிரித்து, விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம் போட வைத்தது 1998 சட்டம்.

சரி, அந்தப் பணம் அரசு கஜானாவுக்கு. நஷ்டப்பட்ட வியாபாரிகள் கூட்டு வழக்குக்கு வழி கேட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை ஏறி, 2013இல்தான் சாதகமான தீர்ப்பு வாங்கினார்கள்.

சந்தை விசாரணை வேறு மாதிரி. யார் குற்றவாளி என்று தேடாது. சந்தை எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்க்கும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் மசாலாக் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா ஒரு மாலில் இடம் கேட்டார். எல்லாம் பேசி முடித்தபின், அரிசி பருப்பு விற்கக் கூடாது, சூப்பர்மார்க்கெட்டுடன் அப்படித்தான் ஒப்பந்தம் என்றார்கள். "வெறும் மசாலாவ வெச்சுக்கிட்டு என்னடா பண்றது?" என்று திரும்பி வந்துவிட்டார். இதில் யாரும் கூடிப் பேசி விலை வைக்கவில்லை. கார்ட்டெல் வழக்கு இங்கே உதவாது.

2015இல் தொடங்கிய மளிகைச் சில்லறை விற்பனை விசாரணைதான் இதைக் கையில் எடுத்தது. சின்னக் கடைகளைத் தடுக்கும் இந்த ஷரத்தை உடனே கைவிடச் சொல்லி 2019 நவம்பரில் அறிக்கை தந்தது. 2020இல் ஷாப்ரைட் செக்கர்ஸ் சூப்பர்மார்க்கெட் நிறுவனம் ஒப்புக்கொண்டது. நான்கு வருஷம் ரொம்ப அதிகம், அதை மறுக்கவில்லை. ஆனால் பரிந்துரையோடு நின்றுவந்த விசாரணைக்கு, நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை 2018 திருத்தம் சேர்த்திருக்கிறது.

கூடிப் பேசி விலை வைப்பவர்களுக்கு அபராதம்தான் மருந்து. அதில் இரக்கமே கூடாது. ஆனாலும் ஒன்றைத்தான் கேட்கலாம் என்றால் நான் சந்தை விசாரணையைத்தான் கேட்பேன். அபராதம் நடந்த தப்புக்கு விலை வாங்குகிறது. விசாரணை நாளைக்குக் கடை திறக்க இடம் வாங்கித் தருகிறது.

சித்தப்பா மறுபடி அதே மாலுக்குப் போனார். பருப்புக்குத் தடை இல்லையாம். வாடகைதான் இன்னும் பேசி முடியவில்லை.