ஊம் எழுதிய பில்: ஒரே கன்ஸ்மித்திடம் 13 வருஷம்

2022 ஆகஸ்டில் என் கையில் வந்த பில் 7,500 ரேண்ட். ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி, ஒரு .308 ரைஃபிள், இரண்டையும் சரிசெய்ததற்குச் சேர்த்து. இரட்டைக்குழலை விற்கப் போனால் 4,000 கூடத் தேறாது. பில்லைப் பார்த்த மச்சான், "கொள்ளை!" என்றார். நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பில் போட்ட அதே கன்ஸ்மித்திடம், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம், 2012 முதல் போய்க்கொண்டிருக்கிறேன்; சும்மா இருந்ததற்குக் காரணம் உண்டு.

எங்களுக்குத் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து டோங்காட்டில் கொஞ்சம் கரும்பு நிலம். இரட்டைக்குழல் மாமனாருடையது, கினிக்கோழி சுட வைத்திருந்தார். அவர் போனபிறகு என் பெயரில் புதிதாக உரிமம் வாங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இங்கே அப்பா உரிமம் மகளுக்கோ மருமகனுக்கோ தானாக வந்துவிடாது. ரைஃபிள் நானே வாங்கியது. வருஷத்துக்கு ஒரு தடவை, குளிர்காலத்தில் (இங்கே அது வருஷத்தின் நடுவில்), இம்பாலாவோ பிளெஸ்பொக்கோ ஏதாவது ஒரு மான் அடித்து பில்டாங் போடுவோம். பில்டாங் என்றால் வேறொன்றுமில்லை, நம்ம உப்புக்கண்டம்தான். கொத்தமல்லி விதை தூக்கலாக இருக்கும்.

கன்ஸ்மித் ஹோவிக் பக்கம் இருக்கிறார். வீட்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆஃப்ரிகானர், அதாவது டச்சு வம்சாவளி வெள்ளைக்காரப் பெரியவர், ஊரே அவரை 'ஊம்' என்றுதான் அழைக்கும். மாமா என்று அர்த்தம். கதை கேட்கும்போது நாம் போடும் 'ஊம்' மாதிரியே ஒலிப்பதால் முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பாக்கியை யாரிடமாவது கொடுத்து அனுப்பவும் முடியாது. உரிமம் என் பெயரில் இருப்பதால் நானே கொண்டுபோகிறேன். ஊம் உரிமத்தைப் பார்த்து, வரிசை எண்ணைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்து, பதிவேட்டில் ஏற்றிய பிறகுதான் துப்பாக்கியைத் தொடுவார். ஆகவே யாருடைய கூலியோடும் ஒப்பிடும்போது போக வர ஆகும் பெட்ரோலையும் ஒரு நாள் பிழைப்பையும் சேர்த்தே கணக்குப் பார்க்கிறேன்.

முதலில் அவர் அதிகம் வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். 2015இல் என் ரைஃபிள் திடீரென்று தாறுமாறாகச் சுட ஆரம்பித்தது. நூறு மீட்டரில் ஒரு அங்குலத்துக்குள் விழுந்துகொண்டிருந்த குண்டுகள் நாலு அங்குலத்துக்குச் சிதறின. குழல் தேய்ந்துவிட்டது என்று பயந்துபோய்க் கொண்டுபோனேன். ஊம் ஸ்கோப்பை, அதாவது மேலே மாட்டியிருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பிடித்து லேசாக ஆட்டினார். அடியில் அதைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் மவுன்ட் திருகு ஒன்று தளர்ந்திருந்தது. எல்லாவற்றையும் கழற்றி, எண்ணெய் துடைத்து, பசை வைத்து, அளந்து முறுக்கி, நேர் பார்த்துக் கொடுத்தார். பத்து நிமிஷம். 450 ரேண்ட். மணிக்கு 2,700 ரேண்ட் விகிதம்! எங்கள் கார் மெக்கானிக் மணிக்கு 650தான் வாங்குவார். திரும்பும் வழியெல்லாம் புகைந்துகொண்டே வந்தேன். அப்புறம் முறுக்கு அளவு காட்டும் ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டேன். இந்த வேலைக்கு மட்டும் யாரும் கன்ஸ்மித்திடம் போகாதீர்கள் என்பேன். துப்பாக்கி தவறாகச் சுட்டால் முதலில் திருகுகளைப் பாருங்கள், பிறகு ஸ்கோப்பை, கடைசியாகத்தான் குழலை.

அந்தக் கோபத்தில்தான் 2017இல் வேறொருவரிடம் போனேன். டர்பனிலேயே, பக்கம், மலிவு. ரைஃபிள் விசை கொஞ்சம் கனமாக இருக்கிறது என்றேன். "400 கொடுங்க, வெண்ணெய் மாதிரி ஆக்கித் தரேன்" என்றார். வெண்ணெய் மாதிரிதான் ஆனது. ஒரு நாள் தோட்டா இல்லாமல் போல்ட்டை, அதாவது தோட்டா அறையை மூடும் தாழ்ப்பாளை, கொஞ்சம் வேகமாக அடித்து மூடினேன். 'டிக்' என்று, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி தானாக விழுந்தது. மறுபடி செய்தேன், மறுபடி விழுந்தது. விசையை இழுக்கும்வரை ஊசியைப் பிடித்து வைத்திருக்கும் குட்டிக் கொக்கி ஒன்று இருக்கும், சியர் என்பார்கள். அதன் விளிம்பை அரத்தால் ராவித் தள்ளிவிட்டிருந்தார். உள்ளே தோட்டா இருந்திருந்தால், எதிரே யார் நின்றிருந்தார்களோ அவர் கதி? இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

திரும்ப ஊமிடம். அவர் கொக்கியை லென்ஸ் வழியாக எனக்குக் காட்டினார். கூர்மையாக நிற்க வேண்டிய விளிம்பு, சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி உருண்டிருந்தது. "இதை ராவிச் சரிசெய்ய முடியாது. மேல்தோல் மட்டும்தான் கெட்டிப்படுத்திய இரும்பு, அது போய்விட்டது" என்றார். விசைத் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும். பாகமும் கூலியும் 2,600. கொடுத்தேன். 400 மிச்சம் பிடிக்கப் போன லட்சணம் இது. பாகம் வர ஏழு மாசம் ஆனது. 2018 குளிர்கால வேட்டைக்கு நான் வெறுங்கையோடு மற்றவர்களுக்கு இறைச்சி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த 7,500க்கு வருகிறேன்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் எங்கள் மாகாணமான குவாசுலு-நடாலில் பெய்த மழையை இங்கிருப்பவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். நானூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். எங்கள் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் சேற்றுத் தண்ணீர். துப்பாக்கிப் பெட்டகம் சட்டப்படி போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. மற்ற சாமான்களையாவது தூக்கி மேலே வைக்கலாம், அதை எங்கே தூக்குவது? இரண்டு துப்பாக்கிகளும் பாதி முங்கிக் கிடந்தன. நல்ல தண்ணீரில் உடனே அலசினாலாவது பிழைக்கும். ஆனால் டோங்காட்டின் குடிநீர் நிலையமே சேதமாகி, மாசக்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று வாங்கிய வாளியில் துப்பாக்கி கழுவ வீட்டில் யார் விடுவார்கள்? அந்த வாரம் புனித வெள்ளி. இங்கே மாரியம்மன் கோயில் விசேஷ நாள் அதுதான். அந்த வருஷம் பூஜைக்கே தண்ணீர் பிடித்து வைக்க வேண்டியிருந்தது. சாலை சரியாகி நான் ஹோவிக் போய்ச் சேர்வதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. குழல் மேலெல்லாம் செம்மண் பூசியதுபோலத் துரு.

பில்லில் இருந்தது இதுதான்: ரைஃபிளை முழுசாகப் பிரித்துச் சுத்தம் செய்ய 950. மரக்கட்டை ஊறி உப்பி, குழலை உரசிக்கொண்டிருந்ததைக் காயவைத்துச் செதுக்க 600. ஒரு பத்து ரேண்ட் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு, நுனியிலிருந்து அடிவரை தடங்கல் இல்லாமல் இழுத்துக் காட்டினார். மண்டேலா முகம் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. இரட்டைக்குழலின் இரண்டு லாக்குகளையும், அதாவது சுடும் பொறிகளையும், பிரித்து மாட்ட 1,400. குழி விழுந்த ஊசி ஒன்றுக்கு 750. குழல்களுக்குக் கறுப்பு ஏற்ற, அதாவது ப்ளூயிங் செய்ய, 3,800.

மச்சான் கொள்ளை என்றது இந்தக் கடைசி எண்ணைத்தான். டர்பனில் ரைஃபிளுக்கு 1,200க்குச் செய்து தருகிறார்களே என்றார். செய்வார்கள். அது காஸ்டிக் சோடா உப்புக் கரைசலைத் தண்ணீரின் கொதிநிலைக்கும் மேலே கொதிக்கவைத்து இரும்பை முக்கி எடுக்கும் முறை. ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் பழைய இரட்டைக்குழலில் இரண்டு குழல்களையும் நடுப்பட்டையையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயப் பற்று. அந்தக் கரைசல் பற்றைத் தின்றுவிடும். குழல் தனி, பட்டை தனியாகக் கையில் வரும். அதனால் இதற்குப் பழைய முறைதான்: ஒரு அமிலக் கலவையை லேசாகத் தடவி, ஈரமான பெட்டிக்குள் தொங்கவிட்டு, வேண்டுமென்றே துருப்பிடிக்க விடுவது. பிறகு சுத்தமான தண்ணீரில் கொதிக்கவைப்பது. செந்துரு கறுப்பாக மாறும். மேலே உதிர்வதை மெல்லிய கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பது. மறுபடி தடவல், மறுபடி கொதிப்பு. புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதுபோல ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கறுப்பு ஏறும். எனக்கு எட்டுச் சுற்று, பத்து நாள். நடுவில் மின்வெட்டு வேறு. அவர் கொதிகலனை காஸ் அடுப்பில் வைத்துச் சமாளித்தார்.

இந்த 3,800க்குப் பதினைந்து மணி நேரக் கைவேலை என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 250 ரேண்ட்தான் வருகிறது. கார் மெக்கானிக் வாங்குவதில் பாதிகூட இல்லை. 450 வாங்கிய அதே மனுஷன். அப்போதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. பத்து நிமிஷ வேலைக்கு வாங்கும் பணம்தான் பத்து நாள் வேலைக்குப் படி அளக்கிறது. பெரிய வேலைக்கு உள்ள கூலியைச் சொன்னால் யாரும் தாத்தா துப்பாக்கியைச் சரிசெய்ய மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஸ்கோப் மாட்ட மட்டும் போகிறவர் ஏமாந்ததாக நினைப்பார். அவர் நினைப்பதும் சரிதான். என்னைப்போல் கிழட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவன் லாபத்தில் இருக்கிறேன்.

அவர்மேல் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. எழுத்தில் முன்கூட்டியே மதிப்பீடு தரமாட்டார்; கேட்டால் "பார்க்கலாம்" என்பார். போன் எடுக்கமாட்டார். சொன்ன தேதி என்பது அவருக்கு ஒரு பேச்சுக்குச் சொல்வது. விசைத் தொகுதிக்கு ஏழு மாசம் என்றேனே, அதில் நாலு மாசம் பாகம் அவர் மேஜை மேலேயே இருந்திருக்கிறது. உறை மேல் இருந்த தபால் முத்திரையில் பார்த்தேன். பணம் விஷயத்தில் அவரை நம்பலாம், நாள் விஷயத்தில் நம்பக்கூடாது. வேட்டைக்கு மேயில் வேண்டுமென்றால் அதற்கு முந்தின செப்டம்பரிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் ஒருநாளும் தவறியதில்லை: கழற்றிய பழைய பாகத்தை ஒரு சின்னத் தாள் உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, பில்லோடு பின் அடித்துக் கொடுப்பார். ராவிக் கெடுத்த அந்தச் சியர்கூட என் மேஜை டிராயரில் இருக்கிறது. புதிதாக யாரிடம் போனாலும் முதலில் இதைக் கேளுங்கள். தயங்கினால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

7,500 கொடுத்த அன்று மனைவி எண்ணைப் பார்த்தாள், பிறகு குழலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "அப்பா வச்சிருந்தப்பக்கூட இவ்வளவு கறுப்பா இல்ல" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது இரட்டைக்குழல் மறுபடி ஹோவிக்கில் இருக்கிறது. முன்கட்டையைக் கழற்றிவிட்டு ஆட்டினால் குழல், பழைய கதவுக் கீல்போல லொடலொடக்கிறது. கீல் முளை தேய்ந்துவிட்டதாம். போன வாரம் அதிசயமாகப் போன் எடுத்தார். எப்போது வரட்டும் என்றேன். "குளிர்காலத்தில்" என்றார். எந்த வருஷத்துக் குளிர்காலம் என்று நான் கேட்கவில்லை.