கியோட்டோ – டோக்கியோ நோசோமி ரயில்: குரூப் டூரில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

ஜப்பான் குரூப் டூர்கள் பலவும் ஒசாகாவில் இறங்கி, கியோட்டோ, நாரா பார்த்துவிட்டு, கடைசி இரண்டு மூன்று நாளை டோக்கியோவுக்கு ஒதுக்குகின்றன. நடுவில் வரும் பயண நாளுக்குப் பயணத் திட்டத்தில் ‘புல்லட் ரயிலில் டோக்கியோ’ என்று ஒரு வரிதான் இருக்கும். ரயிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சூட்கேஸ், டிக்கெட், மதியச் சாப்பாடு ஆகிய மூன்றையும் டூர்காரர் எப்படி ஏற்பாடு செய்கிறார் என்பதில்தான் அந்த நாள் நல்லபடியாகப் போவதும் போகாததும் இருக்கிறது. பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

முதலில் எந்த ரயில் என்று கேளுங்கள். 1964 அக்டோபர் 1-இல் தொடங்கிய இந்தத் தடத்தில் மூன்று வகை ரயில்கள் ஓடுகின்றன. நோசோமி கியோட்டோவிலிருந்து சுமார் இரண்டே கால் மணி நேரத்தில் டோக்கியோ போய்ச் சேரும். ஹிகாரிக்கு அதைவிட அரை மணி நேரம் போலக் கூடும். கோடாமா எல்லா ஷின்கான்சென் (புல்லட் ரயில்) நிலையத்திலும் நின்று போவதால் மூன்றரை மணிக்கு மேல் ஆகும். மூன்றுமே புல்லட் ரயில்தான் என்பதால் அந்த ஒற்றை வரி எதைக் குறிக்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நோசோமியில் ஒதுக்கீட்டு இருக்கைக்கு 14,000 யென்னுக்குச் சற்று மேல் ஆகும். கிரீன் கார் என்ற உயர் வகுப்புக்குக் கூடுதல் காசு கேட்டால் வேண்டாம் என்பேன். சாதாரண வகுப்பிலேயே கால் நீட்ட நன்றாக இடமிருக்கிறது.

அடுத்தது சூட்கேஸ். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் போனால் அதற்கென உள்ள இருக்கையை முன்பதிவு செய்திருக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பதிவு செய்யாமல் கொண்டுவந்தால் 1,000 யென் வசூலிப்பார்கள். 250 செ.மீ.க்கு மேல் அனுமதியே கிடையாது. நம்மவர்கள் கொண்டுபோகும் 28 அங்குல சூட்கேஸ் பலவும் 160-ஐ ஒட்டியோ தாண்டியோதான் நிற்கும். அந்தச் சிறப்பு இருக்கைகள் பெரும்பாலும் கோச்சின் கடைசி வரிசையில் மட்டுமே உண்டு. முப்பத்தைந்து பேர் குழுவுக்கு அது எந்த மூலைக்கு? கியோட்டோவில் ரயில் நிற்பதோ ஒன்றிரண்டு நிமிடம். அதற்குள் முப்பத்தைந்து சூட்கேஸை ஏற்றுவது நடக்காத காரியம்.

நல்ல டூர்காரர்கள் லக்கேஜைத் தனி லாரியிலோ தக்யூபின் என்ற வீட்டு வாசல் பார்சல் சேவையிலோ அனுப்பிவிடுவார்கள். கியோட்டோ ஹோட்டல் வரவேற்பறையில் பயணத்துக்கு முந்தைய நாள் காலையிலேயே கொடுத்தால் வழக்கமாக மறுநாள் டோக்கியோ ஹோட்டலுக்கு வந்துவிடும். பெரிய சூட்கேஸுக்கு 3,000 யென் அளவில் ஆகும். 160 செ.மீ. அளவுக்கு எடை வரம்பு 25 கிலோ. பார்சலில் ஒட்டும் சீட்டில் ஹோட்டல் பெயரோடு, எந்தப் பெயரில் அறை பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்பதையும் எழுத வேண்டும். குழுவில் பதிவுப் பெயர் டூர் கம்பெனியுடையதாக இருந்து, சீட்டில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால், ஹோட்டல்காரர் யாருடைய சூட்கேஸ் என்று தெரியாமல் தவிப்பார். நடுவில் ஓர் இரவு சூட்கேஸ் கையில் இருக்காது. எனவே பாஸ்போர்ட், மாத்திரை, சார்ஜர், பவர் பேங்க், ஒரு மாற்றுத் துணி எல்லாம் தோள்பையில் இருக்கட்டும்.

டிக்கெட் இரண்டு விதமாக வரும். குழு டிக்கெட் என்றால் மொத்தக் குழுவுக்கும் டூர் மேனேஜர் கையில் ஒரே டிக்கெட். எல்லாரும் ஊழியர் நிற்கும் வாயில் வழியே எண்ணி உள்ளே போக வேண்டும். வெளியே வரும்போதும் அப்படியே. கழிப்பறைக்கென்று பிரிந்து போனவர் தானியங்கி வாயிலில் தனியே வெளியேற முடியாது. தனித்தனி டிக்கெட் தந்தால் பெரும்பாலும் இரண்டு அட்டைகள் இருக்கும்: ஒன்று பயணக் கட்டணம், மற்றது விரைவு ரயில் கட்டணம். இரண்டையும் சேர்த்து வாயிலில் செருகி, மறுபுறம் வெளிவருவதை மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கியோட்டோவில் டூர் பஸ் நிலையத்தின் தெற்கு வாசலான ஹாச்சிஜோ பக்கம் இறக்கிவிட்டால் நடை குறைவு. டோக்கியோ போகும் ரயில்கள் 11, 12 நடைமேடைகளில் வரும். கோச் எண்ணும் கதவு நிற்கும் இடமும் தரையில் குறித்திருக்கும். கோச்சின் இரு முனையிலும் கதவு உண்டு. இருக்கை எண்ணைப் பார்த்துக் குழுவைப் பாதியாகப் பிரித்து நிறுத்தினால் உள்ளே நெரிசல் வராது. கழிப்பறை ஒற்றைப்படை எண் கோச்களில் இருக்கிறது. சக்கர நாற்காலிக்கு ஏற்றது 11-ஆம் கோச்சில். வயதானவர்கள் இருந்தால் இதைச் சொல்லி இடம் கேளுங்கள்.

ஃபூஜி மலை பார்க்க E இருக்கை வேண்டும். டோக்கியோ போகும்போது அது இடப்பக்க ஜன்னல். கியோட்டோ விட்டு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில், ஷின்-ஃபூஜி நிலையத்தை ஒட்டி ஃபூஜி ஆற்றுப் பாலத்தைக் கடக்கையில், அடிவாரம் முதல் உச்சி வரை மறைப்பின்றித் தெரியும். மணிக்கு 285 கி.மீ. வரை போகும் ரயில் என்பதால் பாலம் வந்தபின் கேமராவைத் தேடாதீர்கள். குளிர்காலக் காலை நேரம் நல்லது. கோடையில் பல நாள் மேகம் மூடியிருக்கும்.

சாப்பாட்டில்தான் நம்மவர்கள் அதிகம் சிரமப்படுகிறார்கள். இந்தத் தடத்தில் தள்ளுவண்டி விற்பனை 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது. சாதாரண வகுப்பில் ஏறிய பிறகு தண்ணீர் பாட்டில்கூடக் கிடைக்காது. எதுவானாலும் நிலையத்திலேயே வாங்கியாக வேண்டும். ‘எகிபென்’ என்னும் பொட்டலச் சாப்பாடு அருமையாக இருக்கும். ஆனால் காய்கறிக் கூட்டுகூடப் பெரும்பாலும் ‘தாஷி’ சாற்றில் வெந்தது. அந்தச் சாறு நம் மாசிக்கருவாடு போல உலர்த்திய சூரை மீன் சீவலில் எடுப்பது. இறைச்சி இல்லை என்று கடைக்காரர் சொல்வது உண்மையாக இருக்கும். மீன் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. சைவக்காரர்களுக்காக டூர் மேனேஜர் முந்தைய நாளே ஓர் இந்திய உணவகத்தில் பொட்டலம் சொல்லிவைக்க வேண்டும். குழம்பு வேண்டாம், கொட்டும். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், சப்பாத்தி போதும். இருக்கையில் உட்கார்ந்து சாப்பிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். போன் பேச மட்டும் கதவருகே போய்விடுங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போகிறவர்களுக்கு ஒன்று: மைபாரா – கிஃபு பக்கம், செகிகஹாரா பகுதியில் பனி கொட்டினால் வேகத்தைக் குறைப்பார்கள், ரயில் தாமதமாகும். அன்றே விமானம் பிடிக்கும்படி போட்ட திட்டத்தை ஏற்க வேண்டாம்.

இறங்கும் இடம் டோக்கியோவா, அதற்கு முந்தைய நிலையமான ஷினாகவாவா என்பதையும் கேளுங்கள். ஷினாகவாவில் ரயில் சற்று நேரமே நிற்கும். டோக்கியோ கடைசி நிலையம் என்பதால் முழங்கால் வலிக்காரர்களும் பதறாமல் இறங்கலாம். ஹோட்டல் ஷினாகவா பக்கம் இருந்தால், நாகோயா தாண்டியதும் அடுத்து ஷின்-யோகோஹாமா, அதற்கடுத்தது நம் இடம் என்று டூர் மேனேஜர் சொல்லிவைத்து, ஷின்-யோகோஹாமா விட்டதும் எல்லாரையும் பையோடு எழுப்பிவிட வேண்டும்.