ஸ்க்ரிவனர் 3: அட்டைப் பலகையைவிட அவுட்லைனர்தான் காட்சிகளுக்கு உதவுகிறது

நாவல் எழுத வேர்டே போதும் என்பவர்களோடு முதல் பத்து அத்தியாயம் வரை சண்டை இல்லை. அறுபதாவது காட்சியைத் தூக்கி இருபதாவதுக்கு முன்னால் வைத்துப் பார்க்கலாமா என்று தோன்றும் நாளில்தான் வெட்டி ஒட்டுவது வேலைக்கு ஆகாது என்று தெரியும். ஸ்க்ரிவனர் அந்த நாளுக்கான மென்பொருள். 2007இல் மேக்குக்கும் 2011இல் விண்டோஸுக்கும் வந்தது. இங்கே பார்ப்பது மூன்றாம் பதிப்பு.

இடப்பக்கத்தில் கோப்புகளின் பட்டியலாக இருக்கும் பைண்டர்தான் முதுகெலும்பு. அத்தியாயத்துக்கு ஒரு ஃபோல்டர், காட்சிக்கு ஒரு கோப்பு. இழுத்து வைத்தால் வரிசை மாறும். ஃபோல்டரை ஸ்க்ரிவனிங்ஸ் முறையில் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஒரே பிரதியாகத் தொடர்ந்து வாசிக்கக் கிடைக்கும். அத்தியாயம் முழுவதையும் ஒரே கோப்பில் எழுதினால் இந்த வசதி எதுவும் பயன்படாது. இடம் மாறும்போது, காலம் தாவும்போது, கதையைப் பார்க்கும் கண் மாறும்போது புதுக் கோப்பு தொடங்குங்கள். கர்சரை அங்கே வைத்து விண்டோஸில் கன்ட்ரோல்-கே, மேக்கில் கமாண்ட்-கே அழுத்தினால் கோப்பு இரண்டாகும். ஏற்கெனவே எழுதி முடித்த பிரதி இருந்தால், காட்சிகளுக்கு நடுவே தனி வரியில் # போட்டுவிட்டு ‘இம்போர்ட் அண்ட் ஸ்ப்ளிட்’ வழியாகக் கொண்டுவரலாம். அந்தக் குறி பிரதியில் வேறெங்கும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பரப் படங்களில் எல்லாம் தெரிவது கார்க்போர்டு, அதாவது அட்டைகள் குத்திய பலகை. பார்க்க அழகு. ஆனால் 300 சொல் காட்சிக்கும் 4,000 சொல் காட்சிக்கும் அதில் ஒரே அளவு அட்டைதான். நாவலின் நடுப்பகுதி ஏன் இழுக்கிறது என்பதை அது காட்டாது. அட்டை சிறியது என்பதால் பலரும் சினாப்சிஸ் (காட்சிச் சுருக்கம்) பகுதியில் ‘அக்கா வீடு’ என்று தலைப்பை மட்டும் எழுதி விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அதைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ‘அக்காவிடம் கடன் கேட்கப் போகிறாள், அக்காவே கடனில் இருப்பது தெரிந்து கேட்காமல் திரும்புகிறாள்’ என்று எழுதியிருந்தால் காட்சியைத் திறக்காமலே அதை இடம் மாற்றலாமா என்று முடிவெடுக்கலாம்.

உண்மையான வேலை நடப்பது அவுட்லைனரில். அதில் காட்சிகள் அட்டவணை போல வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எந்தெந்தப் பத்திகள் (அதாவது நெடுவரிசைகள்) தெரிய வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். சினாப்சிஸ், லேபிள் எனும் நிற அடையாளம், சொல் எண்ணிக்கை மூன்றும் கட்டாயம். அதோடு நாமே பத்திகளை உருவாக்கிக்கொள்ளும் கஸ்டம் மெட்டாடேட்டாவில் ‘நுழையும்போது’, ‘வெளியேறும்போது’ என்று இரண்டு பத்திகளைச் சேர்த்து, காட்சியின் தொடக்கத்தில் முக்கியப் பாத்திரத்தின் நிலை என்ன, முடிவில் என்ன என்று ஐந்தாறு சொற்களில் நிரப்புங்கள். இரண்டு கட்டத்திலும் ஒரே விஷயம் வந்தால் அந்தக் காட்சியில் எதுவும் நடக்கவில்லை. அதிலிருக்கும் ஒரு நல்ல தகவலைப் பக்கத்துக் காட்சிக்குக் கொடுத்துவிட்டு எடுத்துவிடலாம். எடுத்ததை, நாவலின் பிரதி இருக்கும் டிராஃப்ட் ஃபோல்டருக்கு வெளியே வைத்தால் போதும், அச்சுப் பிரதியில் வராது, தொலைந்தும் போகாது.

லேபிள் நிறத்தை யார் பார்வையில் காட்சி நகர்கிறது என்பதற்கு ஒதுக்குங்கள். ஒரே நிறம் எட்டு வரிக்குத் தொடர்ந்தால், மற்ற பாத்திரம் வாசகர் மனதிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. சொல் எண்ணிக்கைப் பத்தியில் 1,800, 1,750, 1,820 என்று வரிசையாக வந்தால் அந்தப் பகுதி தாலாட்டுப் போல ஓடும்.

தன்வரலாறு எழுதுபவருக்கு இதே பட்டியல் இன்னும் பெரிய உதவி. சம்பவங்கள் நடந்த வரிசை ஒன்று, சொல்லும் வரிசை வேறொன்று. காலத்துக்கு ஒரு பத்தி வைத்து அதன் தலைப்பைச் சொடுக்கினால் நடந்த வரிசை தெரியும். பைண்டரில் சொல்லும் வரிசை குலையாமல் இருக்கும். தேதி வகைப் பத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், அது முழுத் தேதி கேட்கும். சிறுவயதுச் சம்பவத்தின் கிழமையும் தேதியும் யாருக்கு நினைவிருக்கும்? எழுத்து வகைப் பத்தியில் 1984-06 என்று வருடத்தை முன்னால் போட்டு எழுதினால் சரியாக அடுக்கும். ‘ஜூன் 1984’ என்று எழுதினால் அகரவரிசைக்குப் போய்விடும்.

கார்க்போர்டுக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும்: அட்டைகளை லேபிள்படி தனித்தனித் தடங்களில் அடுக்கும் வசதி அருமையானது. அப்போதும் இப்போதும் என்று இரண்டு காலங்களில் மாறி மாறி நகரும் கதையில் ஒரு தடம் எங்கே நெடுநேரம் காலியாகக் கிடக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிகிறது.

இனி, எங்கே சறுக்கும்? திருத்தும் முன் எடுத்து வைக்கும் நகலான ஸ்னாப்ஷாட் ஒரு கோப்பின் பழைய எழுத்தைத்தான் காக்கும், காட்சிகளின் வரிசையைக் காக்காது. பெரிய அளவில் இடம் மாற்றும் முன் முழுத் திட்டத்தையும் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். திட்டம் என்பது பல சிறு கோப்புகளின் தொகுப்பு என்பதால், கிளவுடில் வைத்து இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் திறந்தால் சில காட்சிகளில் பழைய எழுத்தும் சிலவற்றில் புதியதும் கலந்துவிடும். ஒன்றை மூடி, கோப்புகள் ஏறி முடித்த பிறகே மற்றதைத் திறக்க வேண்டும்.

எல்லாக் காட்சிகளையும் சேர்த்து ஒரே பிரதியாக வெளியே எடுக்கும் கம்பைல்தான் எல்லோரையும் அழவைக்கும் பகுதி. ஃபோல்டர் ‘அத்தியாயம்’, கோப்பு ‘காட்சி’ என்று செக்‌ஷன் டைப் (எது எந்த வகைப் பகுதி என்ற குறிப்பு) சரியாக ஒதுக்காவிட்டால், நமக்காக வைத்த காட்சித் தலைப்புகள்கூட அச்சாகிவிடும். தமிழில் எழுதுபவர்கள் கம்பைல் ஜன்னலின் எழுத்துரு இடத்தில் ஒரு யூனிகோட் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிரதியாக இருந்தால் உள்ளே கொண்டுவரும் முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் எழுத்துரு மாறியதும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் மிஞ்சும்.

இரண்டு பேர் சேர்ந்து எழுத இது ஒத்துவராது. பத்துக் காட்சிக்குள் முடியும் குறுங்கதைக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையும் இல்லை. முயன்று பார்க்கத் தரும் 30 நாட்கள் நாட்காட்டி நாட்கள் அல்ல, மென்பொருளைத் திறந்த நாட்கள்தான் கணக்கு. வாரத்துக்கு இரண்டு நாள் திறந்தால் பதினைந்து வாரம் வரும். ஒரு முழு நாவலின் காட்சிகளுக்கும் ‘நுழையும்போது’, ‘வெளியேறும்போது’ என்ற அந்த இரண்டு பத்திகளை நிரப்பிப் பார்க்க அது தாராளம்.