15 ஆம்ப் பாயிண்டா, 7.2 கிலோவாட் பெட்டியா, தனி மீட்டரா? பெங்களூரு வீடுகளில் எலெக்ட்ரிக் கார் சார்ஜிங்

எலெக்ட்ரிக் கார் புக் பண்ணப் போனால் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி, "சார், 3.3 போதுமா, 7.2 போட்டுடலாமா?" என்பதுதான். சார்ஜரின் வேகத்தைக் கிலோவாட்டில் சொல்லும் எண்கள் அவை. பெங்களூரில் இருப்பவர்கள் அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. கரண்ட் எந்த மீட்டரிலிருந்து வரப்போகிறது? அந்த மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை எந்த ஒயர் ஓடப்போகிறது? சுவரில் மாட்டும் சார்ஜர் பெட்டியை நாளைக்குக்கூட மாற்றிக்கொள்ளலாம். பைப்புக்குள் இழுத்த ஒயரையும், மின் விநியோக நிறுவனமான பெஸ்காமில் எழுதிக் கொடுத்த லோடையும் (வீட்டுக்கு இத்தனை கிலோவாட் வரை என்ற அனுமதி அளவு) மாற்றுவது பெரிய பாடு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஊரில் ஒரு கார் வைத்திருக்கும் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தனி ஒயரில் வந்த நல்ல 15 ஆம்ப் பாயிண்டே போதும். யாருக்குப் போதாது என்பதையும் பார்ப்போம்.

3.3, 7.2, 11: மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

ஏசி கரண்டை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றும் வேலையைச் செய்வது காருக்குள்ளேயே இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். சுவரில் மாட்டும் பெட்டி, "இந்த லைனில் இத்தனை ஆம்ப் வரை இழுத்துக்கொள்" என்று காருக்குச் சொல்லி, ஏதாவது தப்பு நடந்தால் லைனைத் துண்டிக்கும். அதனால் வேகத்துக்கு எல்லை போடுவது கார்தான். 7.2 கிலோவாட் மட்டுமே ஏற்கும் காருக்கு 22 கிலோவாட் பெட்டி மாட்டினாலும் அது 7.2-க்கு மேல் ஏற்றாது. டியாகோ இவி போன்ற சிறிய கார்களிலேயே 3.3, 7.2 என்று இரண்டு வகை விற்றிருக்கிறார்கள். எந்த வேரியன்ட் வாங்கினோம் என்று பார்த்துவிட்டுப் பெட்டிக்குப் பணம் கட்டுங்கள்.

15 ஆம்ப் பாயிண்டில் செருகும் போர்ட்டபிள் சார்ஜர் (3.3 கிலோவாட் என்பது இதுதான்) ஒரு மணி நேரத்தில் பேட்டரிக்குள் சுமார் 3 யூனிட் ஏற்றும். ஒரு யூனிட்டுக்கு 6, 7 கிலோமீட்டர் ஓடும் கார் என்றால் மணிக்கு 20 கிலோமீட்டர் சேர்கிறது. இரவு பத்து மணிக்குச் செருகிக் காலை ஆறு மணிக்கு எடுத்தால் 160 கிலோமீட்டர். மாரத்தஹள்ளியிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய் வருபவர்கூட அதில் பாதியைத் தொடமாட்டார். நம் ஊர் டிராஃபிக்கில் அலுப்புத் தருவது நேரம்தான், தூரம் இல்லை.

7.2 கிலோவாட் பெட்டி 32 ஆம்ப் இழுத்து இந்த வேகத்தை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்குகிறது. அது உண்மையிலேயே தேவைப்படும் வீடுகளும் உண்டு. பேட்டரி பெரிதாக இருந்தால் முதலில் தேவை. மஹிந்திரா பிஇ 6, எக்ஸ்இவி 9இ கார்களின் 79 கிலோவாட் மணி (அதாவது 79 யூனிட்) பேட்டரியை 3.3-இல் காலியிலிருந்து நிரப்ப ஒரு நாளுக்கு மேல் ஆகும், 7.2-இல் ஏறக்குறைய 12 மணி நேரம். இரண்டு எலெக்ட்ரிக் கார்கள் ஒரே பார்க்கிங்கைப் பங்குபோடும் வீடு, பகலிலும் ஓடி இரவிலும் ஓடும் வாடகைக் கார், ஞாயிறு நள்ளிரவு கோயம்புத்தூரிலிருந்து திரும்பித் திங்கள் காலை மைசூருக்குக் கிளம்பும் வேலை, இவற்றுக்கெல்லாம் 7.2 நியாயமானது. மற்றவர்களுக்கு அது கூடுதல் வசதி, அவ்வளவே. பேட்டரியின் ஆயுளை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பேட்டரியின் கணக்கில் இரண்டுமே மெதுவான சார்ஜிங்தான்.

11 கிலோவாட்டை வேகமாகக் கடந்துவிடலாம். அதற்கு மூன்று பேஸ் இணைப்பு வேண்டும், மூன்று பேஸில் சார்ஜ் ஏற்கும் காரும் வேண்டும். க்ரெட்டா எலெக்ட்ரிக்குக்கு 11 கிலோவாட் பெட்டியை 73,000 ரூபாய்க்கு அறிமுகம் செய்தார்கள். மஹிந்திரா 2025 தொடக்கத்தில் 7.2 பெட்டிக்கு 50,000, 11.2 பெட்டிக்கு 75,000 என்று விலை அறிவித்தது. வீட்டில் ஏற்கெனவே மூன்று பேஸ் இருந்து, காரும் ஏற்பதாக இருந்து, தினசரி ஓட்டமும் அதிகம் என்றால் மட்டும் யோசியுங்கள்.

போர்ட்டபிளுக்கு இன்னொரு பலம் உண்டு, நம்மவர்களுக்கு அது முக்கியமானது. பொங்கலுக்குத் தர்மபுரிக்கோ நாமக்கல்லுக்கோ போனால் டிக்கியில் போட்டுக்கொண்டு போகலாம். ஊர் வீட்டில் எர்த்திங் சரியாக இருந்தால் இரவோடு இரவாக ஏறிவிடும். எர்த்திங் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கு எரியும், ஏறாது. அந்த நேரத்தில் சில எலெக்ட்ரீஷியன்கள் பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, "இப்ப ஏறும் பாருங்கண்ணே" என்பார்கள். ஏறும்தான். ஆனால் எங்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்கக் கரண்ட் பாயும், கதவில் கைவைக்கும் குழந்தைக்குத் தப்ப வழி இருக்காது. தயவுசெய்து அதை யாரையும் செய்ய விடாதீர்கள். மண்ணில் குழி தோண்டி எர்த் பிட் போடுங்கள், இல்லையென்றால் சேலம் நெடுஞ்சாலையில் இருக்கும் பொது சார்ஜருக்குப் போங்கள்.

வீட்டு மீட்டரா, தனி மீட்டரா

பெங்களூரில் உண்மையான பணக்கணக்கு இங்கேதான். இருக்கும் வீட்டு இணைப்பிலேயே காரை சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின்துறையின் 2022 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. தனி இணைப்பு வேண்டுமென்றால் கேட்டுப் பெறலாம் என்று 2024 பிப்ரவரியில் நுகர்வோர் உரிமை விதிகளில் செய்த திருத்தம் சொல்கிறது. இரண்டு வழியும் திறந்திருக்கிறது. உங்கள் வீட்டுக்கு எது லாபம்?

2025 ஏப்ரலில் வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு 5.80 ரூபாய் ஆனது. கர்நாடக மின் ஒழுங்குமுறை ஆணையம் எலெக்ட்ரிக் வாகன சார்ஜிங்குக்குத் தனிப் பிரிவு வைத்து, 2023-இல் அதன் விலையை 4.50 ஆகக் குறைத்தது. இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் யூனிட்டுக்கு 1.30 வித்தியாசம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 165 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 215 ரூபாய் வரும். தனி மீட்டருக்கும் நிலைக்கட்டணம், டெபாசிட் உண்டு என்பதால் அந்த மிச்சமும் கரையும். இதை மட்டும் பார்த்தால் தனி மீட்டருக்கு அலைவது வீண்.

ஆனால் கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதி வாங்கும் வீட்டில் கணக்கு தலைகீழாகிவிடும். 2023-இல் வந்த அந்தத் திட்டத்தில் மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முழு பில்லையும் கட்ட வேண்டும். 150 யூனிட் செலவழித்துப் பில்லே கட்டாமல் இருக்கும் ஒரு அல்சூர் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காருக்கு 165 சேர்ந்தால் 315 ஆகும். மின்சாரத்துக்கு மட்டும் 1,827 ரூபாய், அதன்மேல் நிலைக்கட்டணமும் மற்றதும். அதே காரைத் தனி மீட்டரில் போட்டால் 4.50 கணக்கில் 743 ரூபாயும் அந்த மீட்டரின் நிலைக்கட்டணமும்தான். வீட்டுப் பில் பூஜ்யமாகவே இருக்கும். இப்படிப்பட்ட வீட்டுக்குத் தனி மீட்டர் கட்டாயம் என்பேன். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மட்டும் வைத்திருப்பவர்கள் இதற்குப் பயப்பட வேண்டாம். அதன் பேட்டரியை ஒரு முறை நிரப்ப 3, 4 யூனிட்தான். 200-க்குள் இருந்தால் முழு பில் வராது, உங்கள் வீட்டுக்கு ஒதுக்கிய இலவச அளவைத் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம் சாங்ஷன் லோடு, அதாவது முதலில் சொன்ன அந்த அனுமதி அளவு. பழைய வீடுகளில் 3 கிலோவாட்தான் வாங்கி வைத்திருப்பார்கள். அதில் 7.2 பெட்டியை மாட்டினால் லோடைக் கூட்டியே ஆக வேண்டும். நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்கு மாதம் நூறு ரூபாய்க்கு மேல் என்பதால், 7 கிலோவாட் கூட்டினால் கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் 700 ரூபாய்க்கு மேல் போகும். 3.3-இல் இந்தச் செலவு பாதிக்கும் கீழே. பெட்டி விலையைப் பேசும் விற்பனையாளர்கள் இதைப் பேசுவதே இல்லை, எனக்கு அதில் உண்மையான கோபம் உண்டு.

ஒயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்

கீசர் 2 கிலோவாட் இழுத்தாலும் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். கார் அதைவிட அதிகமாக, எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். ஆகவே கீசருக்கு ஓடிய ஒயரையும் சாக்கெட்டையும் இதற்குக் கொடுக்கக் கூடாது. மலிவான சாக்கெட்டின் உள்ளே பிடிமானம் தளர்ந்தால் சூடாகி, பிளாஸ்டிக் பழுப்பாகி, கடைசியில் உருகும். 15 ஆம்ப் பாயிண்டுக்கு மீட்டரிலிருந்து நேராகத் தனி லைன், 4 சதுர மில்லி செம்பு ஒயர், நல்ல கம்பெனி சாக்கெட், தனி எம்சிபி (லோடு மீறினால் விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிப்பது). எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். முதல் நாள் ஒரு மணி நேரம் ஏற்றிவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கைவைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

7.2-க்குக் குறைந்தது 6 சதுர மில்லி, 40 ஆம்ப் எம்சிபி. ஆர்சிசிபி ஏ வகையாக இருக்கட்டும். பெட்டிக்குள்ளேயே 6 மில்லி ஆம்ப் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விலை அதிகமான பி வகை வேண்டியிருக்கும்.

தூரம்தான் பலர் மறப்பது. ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபுரா பக்கம் பெரிய குடியிருப்புகளில் மீட்டர் அறை ஒரு டவரின் அடியிலும் பார்க்கிங் இன்னொரு மூலையிலும் இருக்கும். 60 மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மில்லி ஒயரில் 32 ஆம்ப் ஓடினால் 12 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே விழும். ஏறக்குறைய 400 வாட் ஒயரைச் சூடாக்குவதிலேயே போகும், அதற்கும் நீங்கள்தான் பில் கட்டுகிறீர்கள். அங்கே 10 சதுர மில்லி போடுங்கள். இப்போது 3.3-தான் வாங்குகிறீர்கள் என்றாலும், நீளமான லைனாக இருந்தால் தடித்த ஒயரையே இழுத்து வைப்பது புத்திசாலித்தனம். பைப் அடிக்கும் கூலி ஒரே கூலிதான். அடுத்த கார் பெரிதாக வந்தால் பெட்டியை மட்டும் மாற்றலாம்.

எர்த்திங்கை மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், 3-க்குள் இருந்தால் நிம்மதி. பழைய சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் வீடுகளில் புது எர்த் பிட் தோண்டாமல் இது கிடைப்பது கஷ்டம்.

அபார்ட்மெண்டில்: சொந்த லைனா, பொதுச் சார்ஜரா

அசோசியேஷன்கள் வழக்கமாக மூன்று வழி வைப்பார்கள்: உங்கள் ஃப்ளாட் மீட்டரிலிருந்து லைன், பொது மீட்டரிலிருந்து சப்-மீட்டர் வைத்து லைன், இல்லையென்றால் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றிரண்டு சார்ஜர். மீட்டர்கள் எல்லாம் பேஸ்மெண்டில் ஒரே இடத்தில் இருக்கும் கட்டடத்தில் முதல் வழிதான் சுத்தம். பில் நேராக உங்கள் பெயரில் வரும், யாரோடும் வாக்குவாதம் இல்லை. சப்-மீட்டர் வழி சீக்கிரம் முடியும், ஆனால் பொது இணைப்பின் லோடு ஐந்தாவது, ஆறாவது கார் வரும்போது முட்டும். பொதுச் சார்ஜர் பத்துக் கார் வரை ஓடும், பிறகு இரவு பதினொரு மணிக்குக் கீழே போய் வண்டியை நகர்த்தச் சொல்லி வாட்ஸப்பில் சண்டை ஆரம்பிக்கும். இருபது, முப்பது கார் வரப்போகிற இடம் என்றால், இருக்கும் லோடைக் கார்களுக்குள் பங்குபோட்டுக் கொடுக்கும் பெட்டிகளுக்கு இப்போதே திட்டமிடுவது நல்லது.

எந்த வழியானாலும் லைனை ஜெனரேட்டர் மாற்றுச் சுவிட்சுக்கு முன்னாலேயே எடுக்கச் சொல்லுங்கள். கரண்ட் போனால் கார் காத்திருக்கலாம், டீசல் எரித்து ஏற்றும் யூனிட் கட்டுப்படியாகாது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், வெளிவட்டச் சாலைப் பக்கம் பேஸ்மெண்டுகளில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்குப் பெட்டியின் உயரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சு உயரத்துக்குக் கீழே மாட்டாதீர்கள், மழைச்சாரல் அடிக்கும் இடமென்றால் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 65 தரம் கேளுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு என் ஓட்டு போர்ட்டபிளுக்குத்தான். ஓனரிடம் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். தனி லைன் இழுக்கும் செலவை நீங்கள் ஏற்று, வீடு மாறும்போது ஒயரை விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னால் பெரும்பாலான ஓனர்கள் தலையாட்டுவார்கள், அடுத்து வரும் குடித்தனக்காரரிடமும் கார் இருக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஓனர் கடைசிவரை மறுத்தால், கார் வாங்கும் முன்பே ஆபீஸ் பார்க்கிங்கில் சார்ஜிங் உண்டா என்று பாருங்கள். வெளியே டிசி சார்ஜரை மட்டும் நம்பினால் யூனிட் விலை வீட்டைவிட மூன்று நான்கு மடங்கு போகும்.