வெள்ளவத்தையில காசு மாத்துற கடை, பவுண்ஸ் எண்டா ரெண்டு மணிக்கு பிறகு போங்க

மூணு தரம் போயிட்டு வந்து தான் இத எழுதுறன். காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற லேன்ல ஒரு சின்ன கடை, ரெண்டு பேர் நிண்டா மூணாவது ஆள் வாசல்ல தான் நிக்கணும், ஏசி இருக்கு ஆனா கதவ ஒருத்தரும் சாத்துறதில்ல. மத்திய வங்கி குடுத்த பெர்மிட் கவுண்டருக்கு மேல தொங்குது, கேக்காமலே ரசீது தாறாங்க. இந்த ரெண்டும் இல்லாத இடத்துல ரெண்டு ரூபா கூட தாறன் எண்டாலும் நான் மாத்த மாட்டன்.

லண்டன் மாமி வந்தவா, கையில 1,500 பவுண்ஸ். காலைல 9.30க்கே கொண்டு போனன். டொலர் நல்ல விலை, பவுண்ஸ் மட்டும் சோர்ந்து கிடந்துது. ஏன் தம்பி இப்பிடி எண்டு கேட்டா கவுண்டர்ல இருந்த பொடியன் ஒளிக்காம சொன்னான், "அண்ணா, லண்டன் இன்னும் எழும்பேல்ல. இது ராத்திரி நியூயோர்க் விட்ட விலைய வச்சு போட்டது, நடுவில ஆடினா எங்கட கைய தான் கடிக்கும், அதால கொஞ்சம் பிடிச்சு தான் போடுவம். ரெண்டு மணிக்கு பிறகு வாங்க."

சும்மா கதை இல்ல. டொலருக்கு எத்தன ரூபா எண்டது கொழும்புல பேங்குகள் தங்களுக்குள்ள வாங்கி விக்கிறதுல தீர்மானமாகிறது, அது பகல்ல தான் அசையும். பவுண்ஸுக்கு எத்தன டொலர் எண்டது வேற, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ராப்பகலா ஓடும். கடைக்காரன் ரெண்டையும் பெருக்கி தான் போர்ட்ல எழுதுறான். எங்கட நேரத்துக்கு டோக்கியோ சந்தை திறக்கிறது விடிய 5.30க்கு, லண்டன் மத்தியானம் 12.30க்கு, அங்க குளிர்காலமெண்டா 1.30க்கு, நியூயோர்க் பின்னேரம் 5.30 அல்லது 6.30க்கு. 2022 கணக்குல உலகத்துல கைமாறுற கரன்சியில 38 வீதம் பிரிட்டன்ல தான் நடந்திருக்கு, அப்ப அவங்க நித்திரைல இருக்கேக்க வாங்க விக்க ஆள் குறைவு, சின்ன தட்டுக்கே விலை சரியும். அதே வருஷம் செப்டம்பர் 26 திங்கள் பவுண்ஸ் 1.04 டொலருக்கும் கீழ போனது அப்பிடி ஒரு நேரத்துல தான், நாங்க இங்க காலம்பற தேத்தண்ணி குடிக்கிற நேரம்.

சரியெண்டு 2.30க்கு திரும்ப போனன். என்ட கண்ணுக்கு முன்னால பெருவிரலால பழைய இலக்கத்த அழிச்சிட்டு மார்க்கரால புதுசு எழுதினான், ஒரு பவுண்ஸுக்கு 2.50 ரூபா கூட. 1,500க்கு 3,750 ரூபா, த்ரீவீல் காசு போக மிச்சம் தான். எல்லா நாளும் கூடும் எண்டு நினைச்சிராதீங்க, இறங்கவும் செய்யும், ஆனா வாங்கிற விலைக்கும் விக்கிற விலைக்கும் இடையில இருக்கிற வித்தியாசம் அந்த நேரத்துல ஒடுங்கி இருந்தத நானே பாத்தன்.

சனிக்கிழமை மட்டும் போகாதீங்க. சந்தை பூட்டு, திங்கள் என்ன விலையில திறக்குமோ எண்ட பயத்த எல்லாம் எங்கட தலையில தான் கட்டுறாங்க. நான் போன சனிக்கிழமை போட்டிருந்தது, மேல சொன்ன காலை 9.30 விலைய விடவும் கேவலம், கேட்டா "விருப்பமெண்டா மாத்துங்க" எண்டு வேற ஒருத்தர் முகத்த திருப்பினார். அதுக்கு ஒரு ஸ்டார் கழிச்சு 4.

மாமின்ட பர்ஸ்ல ஒரு பழைய காகித 20 பவுண்ஸ் கிடந்துது, வாங்கேல்ல. அது 2022 செப்டம்பரோட செல்லாம போனது, இங்கிலாந்து வங்கியில மாத்தலாம். பொடியன் ரெண்டு கையாலயும் மாமியிட்ட திருப்பி குடுத்தான், "லண்டனுக்கே கொண்டு போங்க ஆன்ட்டி" எண்டு.